வீராம்பட்டினத்தில் பெர்சிமன் காய்க்குமா? கன்று வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் ஓடுகிறது. இலையெல்லாம் உதிர்ந்த மரம், கிளைக்குக் கிளை ஆரஞ்சு விளக்கு மாட்டியதுபோல் பழங்கள். கீழே, 'பெர்சிமன் கன்று, வீட்டுக்கே டெலிவரி' என்று ஒரு லிங்க். வீராம்பட்டினத்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மணல் இடம் சும்மா கிடக்கிறது. 'ஒண்ணு வாங்கி வெச்சா என்ன?' என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் மரம் என்பது செல்போன் இல்லை. பிடிக்கலைன்னா அடுத்த வருஷம் மாத்திக்க முடியாது. அஞ்சாறு வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அது காய்க்குமா, காய்க்காதா என்று தெரியும். அதனால் இப்பவே பார்த்துவிடுவோம்.

பெர்சிமன் என்பது என்ன பழம்?

பார்க்கத் தக்காளி மாதிரி இருக்கும். தோல் ஆரஞ்சு நிறம், பழுத்தால் உள்ளே தேன் போலக் குழையும். சீனாவில் தோன்றி, ஜப்பானிலும் கொரியாவிலும் வீட்டுக்கு வீடு வளரும் மரம். இந்தியாவில் இமாச்சலப் பிரதேசம், காஷ்மீர், உத்தராகண்ட் மலைகளில் விளைகிறது. அங்கே இதற்கு 'ஜப்பானி ஃபல்' என்றே பெயர்.

நமக்குப் பக்கத்தில் என்றால் குன்னூர். சிம்ஸ் பூங்காவை ஒட்டியுள்ள தோட்டக்கலைத் துறையின் பழவியல் நிலையத்தில் பெர்சிமன் மரங்கள் உள்ளன. அந்த ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். நம்ம கேள்விக்கான பதிலும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

வீராம்பட்டினத்தில் வெச்சா என்ன ஆகும்?

கன்று செத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஒரு சில வருடம் இலையோடு நிற்கும். காய்ப்பதுதான் சந்தேகம்.

முதல் காரணம், குளிர். பெர்சிமன் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும் மரம். ஆப்பிள் அளவுக்குக் குளிர் கேட்காது. ஆனாலும் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஒரு குளிர்காலத்தில் ஏறக்குறைய 100 மணி நேரமாவது கிடைத்தால்தான் மொட்டுகள் சரியாக விழிக்கும். புதுச்சேரியில் மார்கழி இரவுகூட 20 டிகிரியைச் சுற்றியே இருக்கிறது. நாம போர்வை தேடுற குளிர் அதுக்கு வெயில் காலம்.

இரண்டாவது, உப்பு. பெர்சிமன் வேர்கள் உப்பைத் தாங்காதவை. கடலோர மணலில் போர் தண்ணீர் கரித்தால் இலை ஓரம் கருகத் தொடங்கும். கடற்காற்றில் வரும் உப்புத் துளி மேலும் ஒரு அடி.

மூன்றாவது, புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் என்று புயல் கரை கடக்கும் பாதையில் இருக்கிற ஊர் இது. காய் பாரத்திலேயே கிளை முறியக்கூடிய மரம், புயல் காற்றில் நிற்குமா என்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: விதை பாக்கெட் வாங்காதீர்கள். விதையிலிருந்து வரும் செடி தாய்மரம் போல இருக்காது, காய்க்கவும் நீண்ட காலம் ஆகும். மலைப்பகுதியில் சொந்தக்காரர் வீட்டில் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒட்டுக்கன்று மட்டுமே வாங்குங்கள். வேர் கறுப்பாக இருந்தால் 'அழுகிப்போச்சு' என்று தூக்கிப் போட வேண்டாம். அதன் இயல்பான நிறமே அதுதான்.

அப்போ நம்ம ஊருக்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கு. பெர்சிமனின் பேரினம் டயோஸ்பைரோஸ். உலகம் முழுக்க இதில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வெப்ப நாட்டு மரங்கள். குளிர் தேடிப் போன பெர்சிமன்தான் விதிவிலக்கு.

கழுத்தில் கருங்காலி மாலை போட்டிருக்கிறீர்களா? எபோனி எனப்படும் கருங்காலி இதே பேரினம். பீடி சுற்றும் இலையும் இதே பேரினத்து மரத்தினுடையதுதான். சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளில் கருங்காலி இயல்பாக வளர்ந்த மரம். ஆரோவில் பகுதியில் அந்தக் காட்டை மீட்கும் முயற்சி பல ஆண்டுகளாக நடக்கிறது.

ஆனால் ஒரு மீனவ ஊருக்கு நெருக்கமான உறவு வேறு ஒன்று: பனிச்சை. சில இடங்களில் தும்பிக்காய் மரம் என்பார்கள்.

பனிச்சைக்கும் வலைக்கும் என்ன தொடர்பு?

பழுக்காத பெர்சிமனைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். வாழைக்காய்த் துவர்ப்பைப் போலப் பல மடங்கு. காரணம் டானின் என்ற வேதிப்பொருள். அது நம் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறண்டுபோகிறது. பனிச்சங்காயிலும் இந்த டானின் ஏராளம்.

நைலான் வருவதற்கு முன்பு வலைகள் பருத்தியிலும் சணலிலும் பின்னப்பட்டன. உப்புத் தண்ணீரில் அவை சீக்கிரம் இற்றுப்போகும். பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவைத்தால், நூலில் டானின் ஏறி அழுகல் தள்ளிப்போகும். வங்காளத்திலும் இலங்கையிலும் இது பரவலாக இருந்த பழக்கம். வங்காளப் படகுகளின் அடிப்பலகைக்கும் இதே சாற்றைப் பூசினார்கள்.

ஜப்பானியர் செய்ததும் அதையே. பச்சைப் பெர்சிமன் சாற்றைப் புளிக்கவைத்து 'காகிஷிபு' என்ற பெயரில் வலைக்கும், மரத்துக்கும், காகிதத்துக்கும் பூசினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு கடற்கரைகள், ஒரே குடும்பத்துக் காயில் ஒரே வேலையைக் கண்டுபிடித்திருக்கின்றன.

நைலான் வலை வந்ததும் அந்தத் தேவை போனது. தேவை போனதும் மரத்தின் பெயரும் மறக்கத் தொடங்கியது. பெர்சிமன் என்றால் உடனே கூகுள் செய்யும் நமக்கு, பனிச்சை என்றால் படம்கூட மனதில் வருவதில்லை.

சரி, தோட்டத்தில் எதைத்தான் வைக்கிறது?

சின்னக் கொல்லைக்குச் சப்போட்டா. பெர்சிமனுக்கு உறவு இல்லை என்றாலும், குழையப் பழுத்த இனிப்பு வேண்டும் என்ற ஆசையைத் தீர்க்கும். கடலோரத்து உப்பையும் காற்றையும் ஓரளவு தாங்கும். 'பாலா' வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பாலை மரம் இந்தக் கடற்கரைக் காட்டுக்கே உரியது. இடம் குறைவு என்றால் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகம் பொருத்தம்.

செங்கழுநீர் அம்மன் ஆடித் தேர் முடிந்து மழை தொடங்கும் முன் நடவு செய்யலாம். மூன்றடிக் குழி எடுத்து, மேல்மண்ணோடு 10 கிலோ தொழு உரம், ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். ஒட்டுக்கட்டிய இடம் தரையிலிருந்து அரையடியாவது மேலே இருக்கட்டும். காற்றுக்கு ஆடாமல் ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள்.

பனிச்சை வீட்டு மரம் இல்லை. மெதுவாக வளர்ந்தாலும் பெரிதாகப் படரும், ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. குளக்கரை, கோயில் நிலம், பள்ளி வளாகம் போன்ற பொது இடத்தில் நாலைந்து கன்றுகளாக வைக்க வேண்டிய மரம். விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழக்கும் என்பதால் பழத்திலிருந்து எடுத்த கையோடு விதைக்க வேண்டும்.

பெர்சிமன் சாப்பிடவே கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். இமாச்சலப் பழம் அக்டோபர், நவம்பரில் வரும். தக்காளிபோல் தட்டையாக இருக்கும் 'ஃபுயு' ரகத்தை ஆப்பிள் போல நறுக்கிச் சாப்பிடலாம். மாங்கொட்டைபோல் கூராக இருக்கும் 'ஹச்சியா' என்றால், வாழைப்பழத்தோடு ஒரு பையில் மூடிவைத்து நன்றாகக் குழைந்த பிறகே சாப்பிட வேண்டும். துவர்ப்பு போகாத காயை நிறையச் சாப்பிட்டால் அந்த டானின் வயிற்றில் கட்டியாகத் திரண்டுகொள்ளும். அறுவை சிகிச்சை வரை போன மருத்துவப் பதிவுகள் உண்டு.

பழத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கன்றுக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு சப்போட்டா வாங்கி நடுங்கள். அப்படியே வீட்டில் வலை பின்னிய தாத்தா யாராவது இருந்தால், 'நைலானுக்கு முன்னாடி வலைக்கு என்ன சாயம் போட்டீங்க?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதிலைப் போனில் பதிவு செய்து வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.