குடுவையில் ஏறிய கடல்

பெருவின் வடகரையில் மழை அரிது. நிலம் பாலையாகக் காய்ந்து கிடக்க, அதை ஒட்டிய கடலோ உயிர்களால் நிரம்பி வழிகிறது. ஹம்போல்ட் நீரோட்டம் ஓடும் இக்கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழும்போது சத்துகளும் கூடவே வருகின்றன. நெத்திலிகள் பெருகுகின்றன, அவற்றைத் தேடிப் பறவைகளும் கடற்சிங்கங்களும் குவிகின்றன. ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை இங்கு வாழ்ந்த மோச்சே மக்கள் அந்தக் கடலை மண்ணில் வனைந்தார்கள்.

குயவர் சக்கரம் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பாதி அச்சுகளில் களிமண்ணை அழுத்தி எடுத்து, பாதிகளை ஒட்டி, வெண்மஞ்சள் பூச்சின்மேல் செங்காவியால் கோடு தீட்டிச் சுட்டார்கள். குடுவையின் மேற்புறத்திலிருந்து வளைந்தெழும் இரு குழாய்கள் உச்சியில் கூடி ஒரே மூக்காக நிற்பது அவர்களின் குடுவைகளுக்கு அடையாளம். நண்டு, திருக்கை, எண்காலி, மீன் எல்லாமே அந்த மூக்கின் கீழ் உடல் கொண்டன.

கடற்சிங்க வேட்டைக் காட்சிகளை நின்று பார்க்க வேண்டும். வேடர்கள் கரையில் தடியோங்கி நிற்கிறார்கள். விலங்குகளின் வாயருகே சிறு உருண்டைகள் தெரிகின்றன. அழகுக்காகப் போட்ட புள்ளிகள் அல்ல அவை. கடற்சிங்கங்கள் கூழாங்கற்களை விழுங்கும் வழக்கமுள்ளவை. அவற்றின் வயிற்றில் கற்கள் கிடைப்பது உயிரியலாளர்கள் அறிந்ததே. அந்தக் கற்களை மருந்தாக மதிக்கும் நாட்டு வைத்தியர்கள் அண்மைக் காலம்வரை அதே கரையில் இருந்தார்கள் என்கிறார் தொல்லியலாளர் கிறிஸ்டோபர் டோனன். வேட்டை எதற்காக என்ற கேள்விக்கு இறைச்சியும் தோலும் மட்டுமே விடையல்ல என்று எண்ண இது இடம் தருகிறது. விலங்கை நெருங்கிப் பார்த்தவரின் கைதான் அந்த உருண்டைகளைத் தீட்டியிருக்க முடியும்.

பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. நண்டின் ஓட்டிலிருந்து மனித முகம் எட்டிப் பார்க்கும். கோரைப்பல் கொண்ட தெய்வம் கடல் அரக்கர்களோடு மல்லுக்கட்டும். வடக்கே எக்வடோர் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் கிடைத்த முள்சிப்பியும் பெருஞ்சங்கும் அவர்களுக்குப் புனிதப் பொருள்கள். சங்கின் ஓட்டைச் சுமந்த ஒரு விசித்திர விலங்கும் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

தென்கரையின் நாஸ்கா குயவர்கள் வேறு வழியில் போனார்கள். பல வண்ணப் பூச்சுகளால் அவர்கள் தீட்டிய ஓர்க்கா திமிங்கிலத்துக்கு மனிதக் கை முளைத்திருக்கும். வெட்டிய தலையொன்றை அது ஏந்தியிருக்கும். கடலின் பெரும் வேட்டை விலங்கைச் சக்தி மிக்க தெய்வமாகவே அவர்கள் கண்டார்கள்.

இக்குடுவைகளை நிறையப் பார்க்க விரும்புவோர் லிமாவின் லார்கோ அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1926இல் ரஃபாயெல் லார்கோ ஹொய்லே தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில், பொருள்களை அடுக்கி வைத்திருக்கும் கிடங்கும் பார்வையாளர்களுக்குத் திறந்தே இருக்கிறது.