உங்களுக்குத் தெரியுமா? இலவசமாக வந்த ஜாவா

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வெல்லம் வாங்கப் போனால், ஒரு துண்டு கிள்ளிக் கையில் வைப்பார்கள். ருசித்த பிறகுதான் விலைப் பேச்சு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995 மே 23 அன்று ஜாவா நிரல்மொழியை அறிவித்தபோதும் கையாண்டது இதே வழியைத்தான். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்றது. அசைவற்றுக் கிடந்த இணையப் பக்கங்களில் படங்கள் நகர்வதைக் காட்டியது. நெட்ஸ்கேப் உலாவியும் ஜாவாவை ஏற்கும் என்று அன்றே அறிவிப்பு வந்தது.

பெயரில்தான் பெரிய சாமர்த்தியம். மொழியை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் தன் அலுவலகத்துக்கு வெளியே நின்ற மரத்தைப் பார்த்து முதலில் வைத்த பெயர் ஓக். அது வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால், காப்பியை நினைவூட்டும் ஜாவா வந்தது. ஆவி பறக்கும் கோப்பை சின்னமானது. அந்தப் பெயருக்கு எவ்வளவு மவுசு என்றால், லைவ்ஸ்கிரிப்ட் என்ற முற்றிலும் வேறான மொழிக்கு அதே ஆண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் மாற்றினார்கள். இரண்டும் ஒன்றென்று நினைத்து இன்றும் குழம்பும் மாணவர்கள் உண்டு. 2007-இல் சன் தன் பங்குச்சந்தைக் குறியீட்டையே ஜாவா என்று மாற்றிக்கொண்டது.

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. ஜாவா காசில்லாமல் கிடைத்தாலும், அதன் மூல நிரலை விரும்பியபடி மாற்றவோ பகிரவோ அப்போது உரிமை இல்லை. அந்த உரிமையை வலியுறுத்தும் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கியது இதே திருவனந்தபுரத்தில்தான். அதைத் தொடங்கிவைத்த ரிச்சர்ட் ஸ்டால்மன், ஜாவாவில் ஒரு பொறி இருக்கிறது என்று 2004-இல் எச்சரித்தார். அதன் மூல நிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்போவதாக சன் அறிவித்தது 2006 நவம்பரில்.