‘ஆம்’ சொன்னவர்கள் யார் யார்?

தேர்தல் நெருங்கினால் பத்திரிகைகளில் ஒரு பட்டியல் வரும். எந்த எம்.பி. எத்தனை நாள் சபைக்கு வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை விவாதத்தில் பேசினார் என்று. கும்பகோணத்தில் பள்ளியில் குடிமையியல் நடத்திய காலத்தில் அதை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டி வைப்பேன். ஓய்வு பெற்ற பிறகும், என்னிடம் படித்தவர்கள் அதைக் கைப்பேசியில் அனுப்பி, “டீச்சர், நம்ம எம்.பி. பரவாயில்லையா?” என்று கேட்கிறார்கள். நான் அதில் தேடுவது வேறொன்று. எந்த மசோதாவுக்கு அவர் எப்படி வாக்களித்தார்? அந்த விவரம் மட்டும் அதில் இருப்பதில்லை.

வருகைக் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வருகை பதிவாகியிருந்தால் அன்று வந்ததாகக் கணக்கு. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது அதில் தெரியாது. அமைச்சர்கள் வருகையைப் பதியத் தேவையே இல்லை.

வாக்குக்கு வருவோம். 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது, பாபநாசம் பக்கம் நெல் போடும் என் பழைய மாணவர் ஒருவர், “யார் யார் டீச்சர் இதுக்கு சரின்னாங்க?” என்று கேட்டார். பெயர் பெயராகக் காட்ட ஆவணம் எதுவும் கிடையாது. மக்களவையிலும் மாநிலங்களவையிலும் அவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. அவைத் தலைவர் கேட்பார்; ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்பார்கள், எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்பார்கள்; எந்தக் குரல் ஓங்கியது என்று அவர் அறிவிப்பார். குறிப்பேட்டில் ‘நிறைவேறியது’ என்று மட்டும் ஏறும்.

அந்த முடிவை ஏற்காத உறுப்பினர் ‘டிவிஷன்’ கேட்கலாம். மணி அடிக்கும், கதவுகளை மூடுவார்கள், அவரவர் இருக்கையில் பொத்தானை அழுத்துவார்கள், பெயரோடு வாக்கு பதிவாகும். செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் அதைத்தான் கேட்டன. கிடைக்கவில்லை. உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்பது துணைத் தலைவர் தரப்பு விளக்கம். பெரும் அமளி, மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். டெல்லி எல்லையில் விவசாயிகளை ஒரு வருடம் உட்கார வைத்த சட்டங்கள் அவை. 2021 நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெற்றதும் குரல் வாக்கில்தான், விவாதமும் இல்லாமல். என் மாணவரின் கேள்விக்கு இனி எந்தக் காலத்திலும் முழுப் பதில் கிடைக்காது. இதை என்னால் தாங்க முடியவில்லை.

பெயர் பதிவானால் என்ன ஆகும் என்பதற்கு 2019 டிசம்பர் 11 இருக்கிறது. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க. உறுப்பினர்கள் ஆதரித்தது பெயரோடு பதிவானது. அந்த வாக்கைப் பற்றி இங்கே மேடைக்கு மேடை கேள்வி எழுந்தது. 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. பதிவு இருந்ததால்தான் கேட்க முடிந்தது. அரசமைப்புத் திருத்தம் என்றால் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், அதனால் வாக்குகளை எண்ணியே தீர வேண்டும். மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்கு 2023-இல் மக்களவையில் 454 பேர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு என்று நமக்குத் தெரிவது அப்படித்தான். மற்ற மசோதாக்களுக்கும், குறைந்தபட்சம் கடைசி வாக்கெடுப்பிலாவது, பெயர்ப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும். பொத்தானை அழுத்த எத்தனை நிமிடம் ஆகும்?

பதிவான வாக்கிலும் உறுப்பினரின் மனசு முழுதாகத் தெரிந்துவிடாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் விலகினாலோ, பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். சாதாரண மசோதாவுக்கும் அதே கயிற்றால் கட்டுவது சரியில்லை என்று காங்கிரஸ் எம்.பி. மனீஷ் திவாரி தனிநபர் மசோதாவே (அமைச்சர் அல்லாத உறுப்பினர் தாமாகக் கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்திருக்கிறார். நானும் அவர் கட்சிதான், இந்த விஷயத்தில் மட்டும்.

வாக்கில் கட்டுண்டவர் கேள்வியில் கட்டுண்டவர் அல்ல. ஆகவே ஓர் எம்.பி.யை அறிய நான் முதலில் படிப்பது அவர் கேட்ட கேள்விகளை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமற்ற கேள்விகள் பட்டியலில் ஏறும். முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் இருபதையும் முடிக்க முடிவதில்லை. இரண்டாம் வகைக்கு எழுத்தில் பதில். தொலைக்காட்சியில் வராத இந்தப் பதில்கள்தான் பொக்கிஷம்: இலங்கைச் சிறையில் எத்தனை மீனவர்கள், ரயில்வேயில் எத்தனை காலியிடம், எந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு செலவானது. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். இருநூறு கேள்வி கேட்டவரின் பட்டியலில் நம் ஊர் ஒருமுறைகூட வராமல் போகலாம்.

கேள்விகளுக்கு அடுத்து நான் பார்ப்பது தனிநபர் மசோதாக்களை. வெள்ளிக்கிழமை பிற்பகல் அவற்றுக்கான நேரம். அப்படி வந்தவற்றில் கடைசியாகச் சட்டமானது 1970-இல். இருந்தும் தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை ஒருமனதாக ஏற்றது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2019-இல் அரசு தன் மசோதாவைச் சட்டமாக்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். “பரிசீலிக்கிறோம்” என்று சபையில் அமைச்சர் சொன்னால் அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது முறை. அதைப் பின்தொடர இரண்டு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தாமதமானால் அமைச்சகம் கால நீட்டிப்பு கேட்டு அந்தக் குழுவுக்கு எழுத வேண்டியிருக்கும்.