கார்ப்பெற்றுக்குக் கீழே தங்கும் உப்பு

கனடாவில் குளிர்காலம் வந்தால் வீதியெல்லாம் உப்புத்தான். அந்த உப்பு சப்பாத்தில் ஒட்டிய பனியோடு காருக்குள்ளும் ஏறுகிறது. பனி உருக, உப்புத்தண்ணீர் கார்ப்பெற்றின் அடியில் இருக்கும் தடித்த பஞ்சில் ஊறிவிடும். மேலே கைவைத்துப் பார்த்தால் காய்ந்திருக்கும், அடியில் ஈரம். ஹீற்றர் சூட்டில் அந்த ஈரம் தகட்டை இன்னும் விரைவாக அரிக்கும்.

எங்கள் பழைய காரில் காலையில் கண்ணாடிகளின் உட்பக்கம் புகார் படிந்திருக்கும். பூஞ்சண மணமும் இருந்தது. வாசனை அட்டையைத் தொங்கவிட்டுச் சமாளித்தோம். ஒரு வசந்தகாலத்தில் கார்ப்பெற்றைத் தூக்கிப் பார்த்தோம். பின்சீற்றில் பிள்ளைகள் கால்வைக்கும் இடத்தில் தகடு செதில் செதிலாகக் கழன்றது. மெல்லத் தட்டினோம், ஓட்டை விழுந்து நிலம் தெரிந்தது.

எங்களைப் பயமுறுத்தியது துரு அல்ல. என்ஜின் புகை போகும் குழாய் காரின் அடியால்தான் போகிறது. அதில் கசிவிருந்தால், நிறமோ மணமோ இல்லாத காபன் மொனொக்சைட் அந்த ஓட்டையால் உள்ளே வரும். கண்ணாடிகளைப் பூட்டிக்கொண்டு ஓடும் நாட்டில் இது உயிர்ப் பிரச்சினை.

கார்ப்பெற்றைக் கழற்ற ஒரு வார இறுதி போதும். முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டு, 10 நிமிடமாவது பொறுங்கள். சீற்றுக்குக் கீழே உள்ள மஞ்சள் நிற இணைப்புகள் எயார்பாக்குக்கு உரியவை. பற்றரி பூட்டியிருக்கும்போது அவற்றைத் தொடக்கூடாது. இதில் தயக்கம் இருந்தால் சீற் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். முன்சீற் பெரும்பாலும் 4 போல்ற்றில் நிற்கும். பிறகு கதவோரப் பிளாஸ்ரிக், சீற் பெல்ற்றின் கீழ் போல்ற், நடுப்பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றுமுன் போனில் படம் எடுங்கள். போல்ற்றுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

அடுத்தது, தண்ணீர் வந்த வழி. சப்பாத்துப் பனி மட்டும்தான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே கூரையிலும் முன்கண்ணாடி ஓரத்திலும் கதவுகளிலும் குழாயால் தண்ணீர் விடட்டும். சருகு அடைத்த வடிகாலும், ஏசியின் அடைபட்ட குழாயும் உள்ளே தண்ணீர் விடும். ஈரம் பிசுபிசுத்து இனிப்பாக மணந்தால், அது ஹீற்றரில் இருந்து ஒழுகும் கூலன்ற். வழியை அடைக்காமல் பூசும் பெயின்ற் வீண்காசு.

வெறுந்தரையை வெந்நீரில் நனைத்த துணியால் பலமுறை துடைத்து உப்பை எடுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். மேல்துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேயுங்கள். கையுறையும் முகமூடியும் அவசியம். பிறகு துருவை மாற்றும் திரவம், அது காய்ந்ததும் எபொக்சி பிறைமர், அதன்மேல் பெயின்ற். தகட்டில் உள்ள றப்பர் மூடிகளைத் தொலைத்துவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் தண்ணீர் மறுபடியும் வரும்.

ஓட்டை விழுந்திருந்தால் பசையோ பைபர் துணியோ வைத்து மறைக்கவேண்டாம். சீற்றும் பெல்ற்றும் பிடித்திருப்பது அந்தத் தகட்டில்தான். புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்வதே முறை. ஒன்ராறியோவில் தரை ஓட்டையான காருக்குப் பாதுகாப்புச் சான்றிதழும் கிடைக்காது.

கார்ப்பெற்றைக் கழுவி, அடிப்பஞ்சு முழுதாகக் காய்ந்த பிறகே திரும்பப் போடுங்கள். அதற்குச் சில நாட்கள் எடுக்கும். சீற் போல்ற்றுகளை அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு முறுக்கவேண்டும். இனி, குளிர்காலத்தில் விளிம்பு உயர்ந்த றப்பர் விரிப்புப் போட்டு, அதில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வெளியே ஊற்றினால் போதும்.

கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள் நாங்கள். மேலே சுத்தமாகத் தெரியும் புத்தகத்தை ஒரு தரம் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்து வைப்பதில்லை. ஆனால் அந்தக் காரை வாங்கியபோது பெயின்ற்றையும் ஓடிய தூரத்தையும் மட்டுமே பார்த்தோம். புதிதாக வந்த உறவுகள் முதல் கார் வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். விற்பவரிடம் கேட்டு, கதவோரப் பிளாஸ்ரிக்கைத் தூக்கி, கார்ப்பெற்றுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கை ஈரமாக வந்தால், காசைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.