ஆடுபனின் பூநாரை: கல்லச்சில் எஞ்சிய ஒரு வளைவு

ஒரு கல்லச்சுப் படத்தின் கோடுகள் யாவும் அவ்வச்சு முறையை உளங்கொண்டே வரையப்பட்டவை எனக் கருதுவது இயல்பு. ஜான் ஜேம்ஸ் ஆடுபனின் அமெரிக்கப் பூநாரைப் படத்திற்கு இக்கருத்து பொருந்தாது.

1785இல் பிறந்த ஆடுபன், வணிகத்தில் நொடித்து 1819இல் கடனுக்காகச் சிறை புகுந்தவர். தம் ஓவியங்களை அச்சேற்றும் நோக்குடன் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது 1826இல். அப்போது அகவை 41. 'அமெரிக்கப் பறவைகள்' 1827 முதல் 1838 வரை 435 படங்களாக வெளிவந்தது. அவை கல்லச்சு அல்ல. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டப்பெற்றவை. பெரும்பாலானவை இலண்டனில் இராபர்ட் ஹேவலின் கூடத்தில் உருவாயின.

பறவைகள் அனைத்தும் மெய்யளவிலேயே அமைய வேண்டும் என்பது ஆடுபனின் பிடிவாதம். (பதிப்பாளர்க்கு இது எத்தகைய தலைவலி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.) தாளின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர், நிமிர்ந்து நிற்கும் பூநாரை அதனினும் உயரமானது. எனவே கழுத்து வளைந்தது, அலகு நீரை நோக்கித் தாழ்ந்தது. ஆயினும் இவ்வளைவு பொய்யன்று. பூநாரை தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாக அமைய, நீரை வடித்து இரை கொள்ளும் பறவை. 1832இல் புளோரிடாக் கடற்பகுதியில் அதன் கூட்டத்தைக் கண்ட ஆடுபன், கியூபாவிலிருந்து பெற்ற பாடம் செய்த உடல்களைக் கொண்டே 1838இல் இலண்டனில் அதனை வரைந்தார்.

கல்லச்சு அதன் பின்னரே வருகிறது. 1840 முதல் 1844 வரை ஏழு தொகுதிகளாக வந்த சிறுபதிப்பிற்காக, அவர் மகன் ஜான் வுட்ஹவுஸ் ஒளிக்கருவியின் துணையுடன் படங்களைச் சுருக்கினார். பிலடெல்பியாவில் ஜே.டி. போவனின் கூடத்தினர் அவற்றைச் சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கோலால் வரைந்தனர். ஈரமாக்கிய கல்லில் மை கொழுப்புக் கோட்டில் மட்டுமே பற்றும். செதுக்கும் வேலை இல்லை. பறவை மெய்யளவை இழந்து சிறு தாளுக்குள் அடங்கிய பின், கழுத்தை வளைக்கும் கட்டாயம் ஏதுமில்லை. நிமிர்த்தியே வரைந்திருக்கலாம். எனினும் பெருந்தாளின் நெருக்கடி ஈன்ற வளைவு சிறுதாளிலும் அவ்வாறே தொடர்ந்தது.

ஆகவே இதனை 'ஆடுபனின் கல்லச்சு' என்று மட்டும் குறிப்பது போதாது. தோற்றம் அவருடையது, சுருக்கம் மகனுடையது, கல்லில் எழுதியதும் ஒவ்வொரு படிக்கும் கையால் நிறமிட்டதும் போவன் கூடத்துப் பணியாளர்.