அண்ணாந்து பார்க்கும் ஆசாமிகள்

வாருங்கள், வாருங்கள்! அந்தக் கம்பளிக் கோட்டுக் குவியலைத் தாண்டிவிட்டால் போதும், உள்ளே வந்தாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் டெர்பி ஹில். ஏப்ரல் கடைசி. வடக்கே ஊர் திரும்பும் பருந்துகளை எண்ணும் மேடு இது!

எதிரே ஒன்டாரியோ ஏரி, கடல் மாதிரி. பருந்துகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. குளிர்ந்த தண்ணீர்மேல் வெப்பக் காற்று எழும்பாது, சிறகடித்தே கடக்க வேண்டும். யாருக்கு வேண்டும் அந்தப் பாடு? கரையோரமாகவே கிழக்கே நகர்ந்து, ஏரியின் தென்கிழக்கு மூலையைச் சுற்றிக்கொண்டு வடக்கே திரும்புகின்றன. அந்த மூலையில்தான் நாம் நிற்கிறோம். ஒரு வசந்தத்துக்குச் சராசரியாகச் சுமார் 40,000 பறவைகள்!

காலடியைப் பார்த்து வையுங்கள். காபி பிளாஸ்க், பாதி கடித்த சாண்ட்விச், யாருடையதோ ஒற்றைக் கையுறை. பருந்து எண்ண வந்திருக்கும் இவர்கள் முகத்தைக் கவனித்தீர்களா? நெற்றி தொப்பிக்குள் பத்திரம், தாடைக்கு அடியில்தான் வெயில் பட்டுச் சிவந்திருக்கிறது. மேகமில்லாத நீல வானத்தைத் திட்டித் தீர்ப்பவர்களை இங்கேதான் பார்த்தேன். வெறும் நீலத்தில் பறவை கண்ணில் சிக்காதாம்.

"ஒட்டக மேகம், திமிலுக்குக் கீழே!"

"எது ஒட்டகம்? அது பூட்ஸ்!"

சண்டை முடிவதற்குள் கூட்டம் தெரிந்துவிட்டது. அகன்ற சிறகுப் பருந்துகள், மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வருபவை, ஒரே வெப்பக் காற்றில் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. எண்ணுபவர் அசையவே இல்லை. சுழலும்போது எண்ணினால் குழம்பிவிடும். உச்சியைத் தொட்டு, ஒவ்வொன்றாகச் சரிந்து வரிசை பிடிக்கும்போதுதான் எண்ணும் கிளிக்கரில் அவர் கட்டைவிரல் துடிக்கிறது. கிளிக், கிளிக், கிளிக்... அதுவரை அரட்டையடித்தவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மூச்சுகூட விடக் காணோம்!

தனியாக ஒரு குட்டிப் பறவை விர்ரென்று போனது. ஷார்ப்-ஷின்ட் பருந்தா, கூப்பர்ஸ் பருந்தா? வால் நுனி வட்டம் என்கிறார் ஒருவர், சதுரம் என்கிறார் இன்னொருவர். கடைசியில் படிவத்தில் 'இனம் தெரியவில்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு. இருவருக்கும் முகம் தொங்கிவிட்டது.

விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பென்சில்வேனியாவின் ஹாக் மவுன்டனில் இப்படி எண்ணியவர்களின் ஏட்டில், 1930களின் பிற்பாதியில் வெண்தலைக் கழுகுகளில் 40 விழுக்காடு இளசுகள். 1950களின் பிற்பாதியில் 20தான். ரேச்சல் கார்சன் 1962இல் 'மௌன வசந்தம்' நூலில் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராக அந்தக் கணக்கையும் எடுத்து வைத்தார். கழுத்து வலிக்கு இப்படியும் பலன் உண்டு.

அடடா, காற்று திரும்புகிறது! ஏரியிலிருந்து அடித்தால் பறவைகள் உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கிவிடும்; எல்லாரும் தெற்கு மேட்டுக்கு மாற வேண்டும். ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சாண்ட்விச்சை ஒருவர் வாயிலேயே கவ்விக்கொண்டார். எண்ணுபவரோ ஓடும்போதும் கிளிக்கரை விடவில்லை. நிற்காதீர்கள், நீங்கள் அந்த முக்காலியைப் பிடியுங்கள்!