ஒரு லட்சம் லூமன் ரோச் லைற்: எது உண்மை, எது புளுகு?

கடைகளில் தொங்கும் ரோச் லைற் பெட்டிகளில் 50,000 லூமன், 100,000 லூமன் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறிய பற்றரியில் எரியும் ரோச் ஒன்றுக்கு அந்த எண்கள் பொய். ஆனால், அவற்றுக்குள் இருக்கும் எல்.ஈ.டி. அடைந்திருக்கும் வளர்ச்சி பொய்யல்ல. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாவிட்டால் வீணாவது எங்கள் காசுதான்.

1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் மண்ணெண்ணெயும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். வெளிச்சத்தை அளந்து அளந்து செலவழித்த அந்தக் காலத்துப் பிள்ளை நான். இப்போது புதிய ரோச் லைற்றுகளை வாங்கிக் கழற்றிப் பார்ப்பது எனக்கொரு பைத்தியம் என்றே சொல்லலாம். 2022இல் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது அந்தப் பைத்தியம் வீட்டுக்கும் உதவியது.

நான்கு சிப் எதற்கு?

வெள்ளை எல்.ஈ.டி. என்பது, நீல ஒளி தரும் சிறிய சிப் ஒன்றின் மேல் மஞ்சள் பொஸ்பர் பூசியது. நீல எல்.ஈ.டி.யைச் சாத்தியமாக்கிய மூவருக்கு 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு சிப்புக்குள் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வெளிச்சம் அதே அளவில் கூடாது, சூடுதான் கூடும். அதற்குக் கண்ட வழி, ஒரே அடித்தளத்தில் நான்கு சிப்புகளை நெருக்கி வைத்துச் சுமையைப் பகிர்ந்து கொடுப்பது. 2008ஆம் ஆண்டளவில் கொரியாவின் சோல் செமிகண்டக்ரர் பி7, அமெரிக்காவின் கிரீ எம்.சி-ஈ ஆகியவை இப்படி வந்தன. பி7 எல்.ஈ.டி. 10 வொட்ஸில் 900 லூமன் தரும் என்றது நிறுவனம். பழைய 60 வொட்ஸ் மின்குமிழே ஏறத்தாழ 800 லூமன்தான். பின்னர் வந்த கிரீயின் எக்ஸ்.எச்.பி.70, ஏழு மில்லிமீற்றர் சதுரத்துக்குள் 4,000 லூமன் வரை எட்டியது. ரோச் பிரியர்கள் துள்ளிக் குதித்ததில் வியப்பில்லை.

பற்றரியின் கணக்கு

இந்த ரோச் லைற்றுகள் பலவற்றில் இருப்பது 18650 எனும் லித்தியம் பற்றரி. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். நல்ல பற்றரி ஒன்றின் கொள்ளளவு 3,500 எம்.ஏ.எச். அளவில் நிற்கும். அதாவது சுமார் 12.6 வொட் மணி. 9,900 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால் அது போலி.

இனி ஒரு லட்சம் லூமனைக் கணக்குப் பார்ப்போம். ஒரு வொட்டுக்கு 150 லூமன் என்று தாராளமாக வைத்தாலும் 670 வொட்ஸ் வேண்டும். அவ்வளவு மின்சாரத்தை இந்தச் சிறிய பற்றரியால் தரவே முடியாது. தந்தாலும் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

உண்மையான 10 வொட்ஸ் ரோச் லைற்றும் முழு வெளிச்சத்தில் ஒரு மணிநேரம் அளவில்தான் எரியும். சூடேறியதும் பல ரோச் லைற்றுகள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அகலமா, தூரமா?

லூமன் என்பது மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது கண்டெலா. 2009இல் வந்த ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 தரத்தின்படி, வெளிச்சம் முழுநிலவு ஒளியின் அளவுக்குக் குறையும் இடமே ரோச் எட்டும் தூரம். 10,000 கண்டெலா என்றால் 200 மீற்றர்.

நான்கு சிப் சேரும்போது ஒளி வரும் பரப்பு பெரிதாகிறது. அதே அளவு தெறிப்பிக்குள் வைத்தால் ஒளி குவியாமல் அகலமாகப் பரவும். வளவுக்குள் நடக்க, பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க அந்த அகலம் நல்லது. வயல் எல்லையில் யானை நிற்கிறதா என்று பார்க்கவோ, ஒற்றைச் சிப்பும் ஆழமான தெறிப்பியும் உள்ள ரோச் லைற்றே பொருத்தம். இரவுக் காவலுக்குப் போகிறவர் பெட்டியிலிருக்கும் லூமனை நம்பி வாங்கி, கால்மணியில் இருட்டில் நிற்கக்கூடாது.

வாங்கும்போது

தூரம், எரியும் நேரம் இரண்டும் பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த வெளிச்ச நிலை கட்டாயம் இருக்கவேண்டும்; ஒழுங்கையில் நடக்க 50 முதல் 100 லூமன் தாராளம். பற்றரியைக் கையில் தூக்கிப் பாருங்கள்: நல்ல 18650 ஏறத்தாழ 45 கிராம் இருக்கும், போலி பல பாரமே இல்லாமல் இருக்கும். வீங்கிய, உறை கிழிந்த பற்றரியை மீண்டும் சார்ஜ் பண்ணாதீர்கள், தீப்பிடிக்கும். பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே அடிக்கவும் விடாதீர்கள்.

1,000 லூமன் என்று உண்மையைச் சொல்லும் ரோச், ஒரு லட்சம் என்று புளுகும் ரோச்சைவிட எங்கள் இரவுகளுக்கு உதவும்.